சொன்ன பிறகு இறங்கிய காமாலை

நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்குக் கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. இப்போது கேளுங்கள், வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துச் சரியாகக் காட்டுவேன். அது என்னென்ன வேலை செய்கிறது, வேலையை நிறுத்தினால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்பதையும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன் என்று வீட்டில் புகார்.

என் பெயர் ஏழுமலை. உத்திரமேரூரில் டவுன் பஸ் கண்டக்டர். மறுபடி வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சாலவாக்கம் போகிற வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும், "இன்னா ஏயுமல, செத்துப் பொழச்சியாமே?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் டிக்கெட் கொடுப்பேனா, கதை சொல்வேனா? பாதிக் கதையில் அவர்கள் ஊர் வந்துவிடுகிறது. இறங்கிப் போய் மீதியை அவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குக் குரங்கு ஈரல் வைத்திருப்பதாக ஒரு ஊரில் பேச்சு. அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். குரங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நெல் அறுப்பு முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த நேரம். முதலில் காய்ச்சல் வந்தது, போனது. அப்புறம் சோற்று வாசனையே பிடிக்கவில்லை. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போயிற்று. உடம்பு சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டு டூட்டி பார்த்தேன். என்னோடு வண்டி ஓட்டுகிற டிரைவர் நாகராஜ்தான் ஒரு நாள் டீக்கடையில் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினான்.

"யோவ், கண்ணு மஞ்சமஞ்சேன்னு கீதுய்யா. இன்னா வண்டில ஏறிகினு கீற நீ? போய் ரத்தம் பாரு."

ரத்தம் பார்த்தார்கள். பிலிருபின் ஒன்பது, ஒன்றுக்குள் இருக்க வேண்டியது என்றார்கள். பிலிருபின் என்பது ரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வருகிற மஞ்சள் கழிவு. அதைப் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. தள்ளவில்லை என்றால் கண்ணிலும் தோலிலும் தங்கிவிடும், அதைத்தான் நாம் காமாலை என்கிறோம். எனக்கு வந்தது கெட்ட தண்ணீரில் பரவுகிற ஹெப்படைட்டிஸ் ஈ என்ற வகை. "ரெஸ்ட் எடுங்க, பெரும்பாலும் தானா சரியாயிடும். வேற எந்த மருந்தும் சாப்பிடாதீங்க, நாட்டு மருந்தும் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு என்ன, காசா பணமா.

வெளியே வந்ததும் என் மனைவி கஸ்தூரி தீர்ப்புச் சொன்னாள். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாதுன்னு ஊருக்கே தெரியும். பாத்தியா, ஒரு மாத்திரைகூட எய்தல. அவங்களே ஒத்துக்கினாங்க."

பாலாற்றங்கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு அம்மா ஞாயிறும் வியாழனும் விடிவதற்கு முன்னால் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். மற்ற நாட்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவரை ஏமாற்றுக்காரி என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். பச்சிலையை அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நன்றி சொல்லக் கூடாது. என்ன இலை என்று கேட்கக் கூடாது. உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. காமாலை இறங்குகிற வரைக்கும் இந்த மருந்து சாப்பிடுகிறேன் என்று யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மருந்து முறிந்துவிடும், கொடுத்தவர் கைக்கும் அப்புறம் பலிக்காது. வீட்டில் சாப்பிடச் சுண்டைக்காய் அளவில் உருண்டைகளும் கொடுத்தார், காலையில் ஒன்று.

எங்கள் ஒரே மகள் பவித்ரா வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போனில் முதல் கேள்வியே, "யம்மா, பச்சில கிச்சில ஒண்ணும் குடுக்கலியே?" என்றாள். "சீச்சீ" என்றாள் கஸ்தூரி. விரதம் இருக்கிறவளின் முகம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது முகம்.

இரண்டு வாரத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. வாந்தி நிற்கவில்லை. பகலெல்லாம் தூக்கமாக வந்தது. ஊசி போட்ட இடம் கருநீலமாகக் கன்றிப் போயிற்று. காஞ்சிபுரத்தில் பார்த்துவிட்டு, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றினார்கள். எத்தனையோ பேரை வண்டியில் ஏற்றி விட்டவன், என்னைப் படுக்க வைத்து ஏற்றுவார்கள் என்று நினைத்ததில்லை. அழுதேன். நாகராஜ் கூடவே வந்தான். "அழுவாதய்யா, சைரன் வச்ச வண்டி, எங்கியும் ஸ்டாப்பிங் கெடையாது, ஜாலியா போலாம்" என்றான்.

சென்னையில் எங்களுக்குக் கிடைத்த டாக்டரம்மா நெடுநெடுவென்று உயரம், குரல் மட்டும் மெதுவு. முதல் நாளே கேட்டார்.

"நாட்டு மருந்து, மூலிகை, லேகியம், ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றோம் நானும் கஸ்தூரியும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னது அன்றுதான்.

அப்புறம் பரிசோதனைகள். ஸ்கேனுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, ரிப்போர்ட்டுக்கு ஒரு வரிசை. சக்கர நாற்காலியில் என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போவார்கள். எதிர்வரிசையில் இருக்கிறவர்களின் கண்ணைப் பார்த்து, என்னை விட மஞ்சளா குறைவா என்று கணக்குப் போடுவேன். தினமும் ஐ.என்.ஆர். என்று ஒன்று பார்த்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுகிற எண் அது. உறைய வைக்கிற பொருளைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. நல்ல ஆளுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். எனக்கு இரண்டு, இரண்டரை, மூன்று என்று தினமும் ஏறிக்கொண்டே போயிற்று.

ஏறாமல் என்ன செய்யும்? தினமும் காலையில் கஸ்தூரி ஊறுகாய் பாட்டிலிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் நல்ல பிள்ளையாக விழுங்கினேன். "உருண்ட போறதாலதான் இந்த அளவுக்காவது கீற" என்பாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நான்காம் நாள் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது. நினைவில் இல்லை, பவித்ரா சொல்லித்தான் தெரியும். விஷயம் கேள்விப்பட்டு விடுதியிலிருந்து ஓடி வந்திருந்தாள். நான் வார்டு நடுவில் எழுந்து நின்று, "படில நிக்காத, உள்ள போ, உள்ள போ! லேடீஸ் எல்லாம் ஃப்ரீ டிக்கெட் வாங்கிக்கோங்க" என்று சிஸ்டர்களிடம் கையை நீட்டினேனாம். ஒரு சிஸ்டர் பயப்படாமல், "ஒரு சாலவாக்கம் குடுங்கண்ணா" என்று வாங்குகிற மாதிரி கையைப் பிடித்து என்னைப் படுக்க வைத்தாராம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். கல்லீரல் சுத்தம் செய்யாத அம்மோனியா மூளைக்கு ஏறினால் இப்படி ஆகுமாம். இனிப்பாக ஒரு மருந்து கொடுத்து வயிற்றாலே போகவிட்டு அதை வெளியேற்றினார்கள். பாதித் தெளிவு வந்தது. தெளிவு வந்ததும் காதில் விழுந்த முதல் செய்தி, மாற்றுக் கல்லீரல் வேண்டும் என்பது.

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குப் பதிந்து வைத்தார்கள். அது இரண்டு மூன்று நாளில் வருமா என்பது நம் கையில் இல்லை. உறவில் யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கஸ்தூரிக்கு ரத்த வகை சேரவில்லை. என் அண்ணனுக்குச் சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு. ஆக, சேர்ந்தது பவித்ராவுக்குத்தான். இருபது வயது. எனக்குச் சொல்லாமலே எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"நைனா, பாதிக்கு மேல குடுத்தாகூட ரெண்டு மூணு மாசத்துல வளந்துடும். கல்லீரல் ஒண்ணுதான் அப்டி வளர்ற உறுப்பு. நான் பட்ச்சிகீறேன்."

"பட்ச்சிட்டா? உன் வயித்த அறுக்கறதுக்கா உன்ன பட்க்க வச்சேன்? ஓடிப்போ இங்கேந்து."

"எங்க ஓட்றது? கீழ கேன்டீனுக்கா?"

"பவித்ரா, சொல்றத கேளு. நான் வாழ்ந்தவன்."

"இன்னா வாழ்ந்துட்ட நீ? சாலவாக்கத்துக்கும் உத்தரமேரூருக்கும் போய்கினு வந்துகினு இருந்த. இன்னும் நெறைய ட்ரிப் கீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. எனக்குச் சாவுக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையை மேஜையில் படுக்க வைத்து அறுப்பார்கள், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நான் அவளுடைய கல்லீரலோடு உயிரோடு இருப்பேன் என்ற நினைப்புதான் என்னைக் கொன்றது. செலவுக்குக் காப்பீட்டு அட்டையும், கஸ்தூரியின் சங்கிலியும், டிப்போவில் சேர்த்துக் கொடுத்த பணமும் இருந்தன. பயத்துக்குத்தான் எந்த அட்டையும் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கஸ்தூரியும் பவித்ராவும் நின்றார்கள்.

"ஏழுமலை, இங்க ஒரு ஆராய்ச்சி சிகிச்சை நடக்குது. நீங்க சரின்னா சேர்த்துக்கலாம், வேண்டாம்னா எந்தக் குறையும் இல்ல. இதுக்குக் கட்டணம் கிடையாது. பலன் கிடைக்கும்னு நான் உறுதியும் தர முடியாது."

ஸ்டெம் செல் என்று ஆரம்பித்தார். தமிழில் குருத்தணு என்கிறார்களாம். யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து செல்லை எடுத்து, அதைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். அந்த நிலையில் அது தோலும் இல்லை, எலும்பும் இல்லை, எதுவாகவும் ஆகலாம். டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவனை டிரைவர் ஆக்குவதா, மெக்கானிக் ஆக்குவதா என்று இன்னும் முடிவு பண்ணாத மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அதற்குச் சில புரதங்களை வரிசை தப்பாமல், நாள் தப்பாமல் கொடுத்து, மூன்று நான்கு வாரம் பழக்கிக் கல்லீரல் செல்லாக மாற்றுகிறார்கள். அந்தச் செல்களை மெல்லிய குழல்கள் நிறைந்த ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். என் ரத்தத்தின் நீர்ப்பகுதியை வெளியே எடுத்து, அந்தச் செல்களை ஒட்டி ஓடவிட்டுத் திரும்ப உடம்புக்குள் அனுப்புவார்கள். நடுவில் சவ்வு இருப்பதால் செல் எதுவும் எனக்குள் வராது.

"அப்ப அது என் ஈரல ரிப்பேர் பண்ணாதா?"

"பண்ணாது. உங்க கல்லீரல் செய்ய வேண்டிய வேலையில கொஞ்சத்தை ரெண்டு மூணு நாள் அது செய்யும். அதுக்குள்ள உங்களோடது தானா எழுந்திருக்குமான்னு பார்க்கலாம்."

"ஸ்பேர் பஸ்" என்றேன். வண்டி நடுவழியில் நின்றால் டிப்போவிலிருந்து அனுப்புகிற வண்டி. அது நம் வண்டியைச் சரி பண்ணாது, ஆட்களை ஊர் சேர்க்கும். டாக்டரம்மா சிரித்து, "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்" என்றார்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணு எனக்குப் புரியல. ஹெப்படைட்டிஸ் ஈ வந்து, நல்லா இருந்த மனுஷனுக்கு இவ்வளவு மோசமாகறது வழக்கம் இல்ல. வேற ஏதோ ஒண்ணு உங்க கல்லீரலைத் தாக்கிட்டே இருக்கு. அது என்னன்னு தெரியாம விட்டா இந்த மெஷினாலயும் பிரயோஜனம் இல்ல. நாளைக்கு உங்க பொண்ணு கொடுக்கிற கல்லீரலையும் அது விடாது."

கட்டிலுக்குக் கீழே கஸ்தூரியின் பை இருந்தது. பைக்குள் பாட்டில் இருந்தது. சொன்னால் மருந்து முறிந்து நான் செத்துவிடுவேன் என்று முழுசாக நம்பினேன். சொல்லாவிட்டால் பவித்ராவின் வயிற்றை அறுத்து எடுத்ததும் பாழாகப் போகும் என்பதையும் முழுசாக நம்பினேன். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"கஸ்தூரி, பைய எட்த்தா."

"யோவ், வேணாய்யா." அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எட்த்தான்றேன்ல."

அவள் எடுக்கவில்லை. பவித்ராதான் குனிந்து எடுத்தாள். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "யம்மா! இன்னாமா இது? போன்ல கேட்டனே! பதினேயு தடவ கேட்டனே!"

"சீக்கிரம் எறங்கணும்னுதான்டி" என்று கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏறிகினே போச்சா, அதான் ரெண்டா குடுத்தேன். அந்தம்மா ஒண்ணுதான் சொல்லிச்சு. நான்தான் இன்னும் கேட்டு வாங்கினு வந்து, ராவுக்கும் ஒண்ணு பால்ல கரைச்சு…"

இரவுப் பாலில் கரைத்தது எனக்கே தெரியாது. அவள் மேல் ஆத்திரமாகவும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. "இன்னிக்கும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். காலையில் ஒன்று என்றேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

என்ன இலை என்று தெரிய வேண்டும் என்றார்கள். கஸ்தூரியால் பேச முடியவில்லை, பவித்ராதான் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். முதலில் அவர், "அத்த மட்டும் கேக்காத கண்ணு" என்றார். அப்பாவுக்குக் கொடுக்கத் தன் வயிற்றை அறுக்கப் போகிறார்கள் என்று பவித்ரா சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு இலையாக, பட்டையாக, அளவோடு சொன்னார். சொல்லி முடித்து, "பேர சொல்லிட்டேன். இனிமே என் கைல பலிக்காது, பரவால்ல. நீ நல்லா இரு" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு பட்டை, அதிகமானால் கல்லீரலைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

ஆராய்ச்சிக் குழுவுக்கு விஷயத்தை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். வீடியோவில் என் சம்மதத்தைப் பதிவு செய்தார்கள். நாகராஜ் வந்து ரத்தம் கொடுத்தான். கழுத்து நரம்பில் ஒரு குழாய் வைத்து மெஷினோடு இணைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இரண்டு நாள். வலி பெரிதாக இல்லை, குளிர்தான் எடுத்தது. மஞ்சள் தண்ணீர் குழாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யாருடைய ரத்தத்திலிருந்து வந்த செல்லோ, எந்த ஊரோ, என்ன சாதியோ! என் அழுக்கை எடுத்து அது கழுவிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பாத்து பண்ணுப்பா" என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். சிஸ்டர் மறுபடியும் புத்தி தடுமாறிவிட்டதோ என்று ஓடி வந்தார்.

வீட்டுக்குப் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், என்னைப் பிழைக்க வைத்தது எது என்று. "உருண்டையை நிறுத்தினதாலயா, எங்க செல்லு உதவினதாலயா, உங்க கல்லீரல் தானா எழுந்துச்சா, ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேருக்குச் செஞ்சு பார்க்கணும்" என்றார். ஆகவே, ஏழுமலையை ஸ்டெம் செல் காப்பாற்றியது என்று பஸ்ஸில் யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம். உதவியிருக்கலாம் என்று சொல்லுங்கள். காமாலை வந்தால் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்பதை மட்டும் அடித்துச் சொல்லுங்கள்.

மெஷின் வைத்த மூன்றாம் நாள் காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஐ.என்.ஆர். எண் இறங்காவிட்டால் எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று தியேட்டரைத் தயாராக வைத்திருந்தார்கள். முந்தின இரவிலிருந்து பவித்ராவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. விடிந்ததும் பச்சை அங்கி போட்டு, முடியை இரண்டாகப் பின்னி, தலைக்குத் துணித் தொப்பி மாட்டி, என்னைப் பார்க்க அழைத்து வந்தார்கள். வளையல், தோடு எதுவும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தாள். அவள் என் கால் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராக அவளிடம் போனார்.

"ஐ.என்.ஆர். இறங்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மோனியாவும் குறைஞ்சிருக்கு. இன்னிக்குத் தியேட்டர் வேண்டாம். நீ போய்ச் சாப்பிடும்மா."

அத்தனை நாளும் எனக்குத் தைரியம் சொன்னவள், பரிசோதனைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே போனவள், அந்த நிமிஷம் என் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "பயந்துட்டேன் நைனா, ரொம்ப பயந்துட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கஸ்தூரி கேன்டீனுக்கு ஓடி, கையில் அகப்பட்ட இட்லி, வடை, பொங்கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே சாப்பிடக் கூடாது என்று சிஸ்டர் வெளியே அனுப்பிவிட்டார். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, பச்சை அங்கியோடு, மூக்கைச் சிந்திக்கொண்டே என் மகள் ஐந்து இட்லி தின்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் கடைசி இட்லியை முடிக்கிற வரைக்கும் நான் கண்ணை எடுக்கவே இல்லை.